பெரிய மாற்றம், பெரிய சொல்: டீச்சரிடம் கேளுங்கள்

கேள்வி (மூதூர்): டீச்சர், "பாலம் வந்த பிறகு கிண்ணியாவின் போக்குவரத்து தலைகீழாக மாறியது" என்று கட்டுரையில் எழுதினேன். சரியா?

பதில்: இலக்கணம் சரி. ஆனால் என்ன மாறியது என்று வாசகருக்குத் தெரியாது. திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவில் 2009இல் பாலம் திறக்கும்வரை பாதையில், அதாவது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவையில், ஏறித்தான் கடலேரியைக் கடக்க வேண்டியிருந்தது. வாகனமும் சனமும் அதற்காகக் காத்துக் கிடந்தன. "பாதைக்காகக் காத்திருந்தவர்கள் இப்போது நிற்காமல் போகிறார்கள்" என்று எழுதுங்கள் தம்பி. "தலைகீழ்" என்ற சொல் ஒன்று அதன் எதிர்நிலைக்குப் போனதைச் சொல்வது. நிலாவெளியில் நாலு ஹோட்டல் கூடினால் அது வளர்ச்சிதான், தலைகீழ் மாற்றம் இல்லை.

கேள்வி (உவர்மலை): 2022 தொடக்கத்தில் ஒக்டேன் 92 பெற்றோல் 177 ரூபாய், ஜூன் கடைசியில் 470. "மூன்று மடங்கு உயர்ந்தது" எனலாமா?

பதில்: கூடாது. 470 என்பது 177இன் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். "இரண்டரை மடங்கைத் தாண்டியது" என்றால் போதும். உயர்வை மட்டும் சொல்வதானால் ஏறத்தாழ 165 சதவீதம். "மடங்கானது" வேறு, "மடங்கு உயர்ந்தது" வேறு. 100 ரூபாய் மீன் 300 ஆனால் மூன்று மடங்கானது, உயர்வோ 200 சதவீதம், அதாவது இரண்டு மடங்கு.

கேள்வி (உப்புவெளி): "அவர் 360 பாகை மாறிவிட்டார்"?

பதில்: சுற்றி வந்து அதே இடத்தில் நிற்கிறார். 180 என்று எழுதுங்கள்.

கேள்வி (தம்பலகாமம்): "கடையின் புதிய பரிணாமம்" என்று விளம்பரத்தில் போடலாமா? நாங்கள் பள்ளியில் கூர்ப்பு என்றல்லவா படித்தோம்?

பதில்: நல்ல கேள்வி. இலங்கையில் நம் பாடநூலில் கூர்ப்பு, தமிழ்நாட்டில் பரிணாமம். இரண்டும் தலைமுறை தலைமுறையாக மெல்ல நடப்பதைச் சொல்கின்றன. பூச்சு அடித்துப் பெயர்ப்பலகை மாற்றிய கடைக்கு "புதிய தோற்றம்" போதும். பலர் "பரிமாணம்" என்று நினைத்துக்கொண்டுதான் "பரிணாமம்" என்று எழுதுகிறார்கள். அதையும் கவனியுங்கள்.

கேள்வி (உப்புவெளி, மீண்டும்): சொல்லும் வளரும்தானே டீச்சர்? விளம்பரத்துக்கு விஞ்ஞானம் எதற்கு?

பதில்: வளரும், மறுக்கவில்லை. ஆனால் ஒரே இரவில் நடந்ததையெல்லாம் பரிணாமம் என்று வாசித்துப் பழகிய பிள்ளை, ஒரு ஒட்டகச்சிவிங்கி கழுத்தை நீட்டி நீட்டியே கூர்ப்படைந்தது என்று எழுதிவிடும். தனி விலங்கு கூர்ப்படைவதில்லை. மாறுவது கூட்டம், அதுவும் பல தலைமுறைகளில். அந்தப் பொருளைச் சொல்ல நமக்கு வேறு சொல் இல்லை. அதனால்தான் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி (தம்பலகாமம்): அப்போ "உருமாற்றம்"?

பதில்: புழு வண்ணத்துப்பூச்சி ஆவது உருமாற்றம். வடிவமே மாறினால் தாராளமாக எழுதுங்கள்.

கேள்வி (குச்சவெளி): போன வாரம் பெய்தது "வரலாறு காணாத மழை" தானே?

பதில்: 1964 டிசம்பர் சூறாவளி திருகோணமலையில்தான் கரையேறியது. அதைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள், மழை எத்தனை மில்லிமீற்றர் என்றும் போடுங்கள்.

கேள்வி (சீனன்குடா): மீன் விலை "இரண்டு மடங்கு உயர்ந்தது" என்றால்?

பதில்: மேலே உவர்மலைக்குச் சொன்னதுதான். வாசித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி (கிண்ணியா): "சுனாமியில் படகுகள் தரைமட்டமாயின"?

பதில்: கட்டிடம் தரைமட்டமாகும். படகு நொறுங்கும், அடித்துச் செல்லப்படும். 2004 டிசம்பர் 26இல் உங்கள் கரையில் எது நடந்ததோ அதையே எழுதுங்கள்.