காகம் அடையாத கிரகணம்

அன்புள்ள ஐயா,

கிரகணத்தின்போது பறவைகள் அடையப் போய்விடும், மாடுகள் தொழுவம் திரும்பும் என்று அப்பத்தா சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். 2019 டிசம்பர் 26 காலையில் மொட்டைமாடியில் நின்று பார்த்தேன். காகங்கள் அதுபாட்டுக்குக் கரைந்துகொண்டிருந்தன. எதிர்வீட்டு மாடு வைக்கோல் தின்பதை நிறுத்தக்கூட இல்லை. எல்லாம் கட்டுக்கதைதானா?

— ஒரு வாசகர், திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

அப்பத்தா சொன்னது பொய்யில்லை. நீங்கள் பார்த்ததும் சரிதான். அன்று வந்தது கங்கண கிரகணம். நிலா சூரியனை முழுக்க மறைக்கவில்லை, ஓரத்தில் வளையம் மிச்சமிருந்தது. அந்த மெல்லிய வளையம் போதும், வெயில் மங்குமே தவிர இருட்டாது. மேகம் மூடினதற்கெல்லாம் காகம் அடையப் போகுமா என்ன?

முழு கிரகணத்தின் கதை வேறு. 2017 ஆகஸ்ட் 21 அன்று அமெரிக்காவில், மிசௌரி பல்கலைக்கழகத்தின் கேண்டேஸ் கேலன் குழு பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு, ஒரிகன், ஐடஹோ, மிசௌரி மாநிலங்களில் பூக்களின் பக்கத்தில் சின்ன ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்தது. சூரியன் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்துகொண்டிருந்தவரை தேனீக்களின் ரீங்காரம் கேட்டது. முழுக்க மறைந்ததும் சட்டென்று நின்றுவிட்டது. 16 இடங்களிலும் சேர்த்து அந்த இருட்டில் பதிவானது ஒரே ஒரு ரீங்காரம். அந்தத் தேனீக்கு என்ன அவசரமோ!

எனக்கு ரொம்பப் பிடித்தது சிலந்திக் கதைதான். 1991 ஜூலை 11, மெக்சிகோ. கூட்டமாக வலை பின்னி வாழும் ஒரு சிலந்தி இனம், இருட்டியதும் சாயங்காலத்தில் செய்வதுபோலவே வலையைப் பிரிக்க ஆரம்பித்தது. வெளிச்சம் வந்ததும் மறுபடி பின்னியது. ஆய்வாளர்கள் சிலந்திகளில் சிலவற்றுக்கு மட்டும் விளக்கு போட்டு வைத்திருந்தார்கள். அவை வலையைத் தொடவே இல்லை. ஆக, சிலந்திக்கு ராகுவும் தெரியாது, நிலாவும் தெரியாது. வெளிச்சம் போனது தெரியும், அவ்வளவுதான்.

மிருகக்காட்சிசாலைச் செய்திகளைக் கொஞ்சம் தள்ளி நின்றே படிப்பேன். அதே 2017 கிரகணத்தில் தென் கரோலினாவில் ஒட்டகச்சிவிங்கிகள் திடீரென்று ஓடின. இருட்டுக்கு மிரண்டனவா, வேலிக்கு வெளியே நின்ற கூட்டத்தின் கூச்சலுக்கா?

சரி, காகம் அடைவதைப் பார்த்தே தீரவேண்டும் என்றால் 2034 மார்ச் 20 வரை பொறுங்கள். முழு கிரகணத்தின் பாதை காஷ்மீர், லடாக் வழியாகப் போகிறது. கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள்.