வாழப்பாடி நிலத்தை விற்காதீர்கள், பாப்பா வேதியியல் படிக்கட்டும்

சேலம் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் குடும்பம். பெண் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நீட்டில் தகுதி மதிப்பெண் வந்திருக்கிறது, அரசு சீட்டுக்கு எட்டாது. அம்மாவின் பெயரில் இருக்கும் வாழப்பாடி நிலத்தை விற்று நிகர்நிலைப் பல்கலையில் எம்பிபிஎஸ் சேர்க்கச் சொல்கிறார் அம்மாவின் அண்ணன், அது முடியாவிட்டால் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறார் நாத்தனார். ராத்திரி தூக்கமே இல்லை என்று அம்மா எழுதியிருக்கிறார்.

பதறாதீர்கள் அம்மா, பாப்பாவின் மதிப்பெண் ஒன்றும் மோசமில்லை. ஆறுதல் இவ்வளவுதான், இனி கணக்குக்கு வருவோம். நிகர்நிலைக் கல்லூரிகளில் பெரும்பாலும் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல். நாலரை வருடக் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் ஒரு கோடியைத் தொடும். வெறும் எம்பிபிஎஸ்ஸோடு நின்றால் இதே சொந்தக்காரர்கள்தான் "மேலே என்ன படிக்கிறாள்?" என்று கேட்பார்கள், அதற்கு விற்க இன்னொரு நிலம் உங்களிடம் கிடையாது, சின்னவன் வேறு பத்தாவதில் இருக்கிறான். வேண்டாம். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் அதே பதில்தான், அவளுக்கே விருப்பமில்லாததற்கு எதற்கு நன்கொடை கொடுக்க வேண்டும்?

அவளுக்கு எதில் விருப்பம் என்று நீங்களே போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். சேலத்தில் ஓடும் திருமணிமுத்தாற்றின் நுரைத் தண்ணீரை பாட்டிலில் பிடித்து ஜன்னலில் வைத்திருக்கிறாள், இதில் எவ்வளவு மீனின் உடம்புக்குள் போகும் என்று வேதியியல் டீச்சரிடம் கேட்டிருக்கிறாள். நீங்கள் அதைப் புகாராக எழுதியிருக்கிறீர்கள்! அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மாசுபட்ட ஆற்றுச் சேற்றை வழக்கமாக எப்படிச் சோதிப்பார்கள்? கொஞ்சம் அள்ளிவந்து மொத்தம் எவ்வளவு விஷம் இருக்கிறது என்று அளப்பார்கள். ஆனால் அதில் பெரும்பங்கு கரித்துகளிலும் மட்கிலும் இறுக ஒட்டிக்கொண்டு கிடக்கலாம், அது புழுவுக்குள்ளும் போகாது, மீனுக்குள்ளும் போகாது. தண்ணீரில் கரைந்து சுதந்திரமாகத் திரியும் பங்குதான் உயிருக்குள் ஏறுகிறது. அதைப் பிடிக்கத்தான் பேசிவ் சாம்ப்ளர். மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது. 25 மைக்ரான் கனத்தில் ஒரு பாலிஎத்திலீன் தாள், கேரி பேக் செய்கிற அதே பிளாஸ்டிக்தான். அதைக் கரைப்பானில் ஊறவைத்துச் சுத்தம் செய்து, கம்பிவலைக்குள் வைத்துச் சேற்றில் செருகி, நாலு வாரம் போல விட்டுவிடுவார்கள். ஃப்ரிட்ஜில் மூடாமல் வைத்த வெண்ணெயில் பூண்டு வாசம் ஏறுவதுபோல, பூச்சிக்கொல்லியான டிடிடி, பழைய மின்மாற்றி எண்ணெயில் இருந்த பிசிபி மாதிரி கொழுப்பில் கரையும் நச்சுகள் தாளுக்குள் ஏறிவிடும். பாட்டிலில் பிடித்த தண்ணீர் அந்த நிமிடத்தை மட்டும்தான் சொல்லும், ராத்திரியில் கழிவைத் திறந்துவிட்டு விடிவதற்குள் மூடிவிட்டால் அதற்குத் தெரியாது, நாட்கணக்கில் கிடக்கும் தாளோ அதையும் கொஞ்சம் வாங்கி வைத்திருக்கும்.

வேலையில் நுணுக்கம் நிறைய. எவ்வளவு சீக்கிரம் ஏறியது என்று கண்டுபிடிக்க, இயற்கையில் இல்லாத சில சேர்மங்களை முன்கூட்டியே தாளில் ஏற்றி அனுப்புவார்கள், திரும்பி வரும்போது அவை எவ்வளவு குறைந்திருக்கின்றன என்று பார்த்துக் கணக்குப் போடுவார்கள். பக்கத்தில் ஒரு வண்டி புகைவிட்டாலே தாள் அதையும் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், ஆற்றில் இறக்காமல் கரையில் மட்டும் திறந்து காட்டி மூடுகிற வெற்றுத்தாள் ஒன்றையும் சேர்த்துச் சோதிப்பார்கள். பொறுமைசாலிக்கான வேலை, பாப்பாவுக்குப் பொருந்தும்.

உலோகத்துக்கு வேறு கருவி, டிஜிடி என்று பெயர், 1994இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலையிலிருந்து வந்தது. சின்ன பிளாஸ்டிக் வில்லை, உள்ளே ஒரு ஜெல் படலம், அதன் பின்னால் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் பிசின். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய்க்கு போர்டோ கலவை தெளிக்கிறார்களே, அதில் இருப்பது மயில்துத்தம், அதாவது தாமிரம். வருடக்கணக்கில் மண்ணில் சேர்ந்த தாமிரத்தில் செடிக்கும் மண்புழுவுக்கும் கிடைப்பது எவ்வளவு? மண்ணைக் குழைத்து அதன்மேல் இந்த வில்லையை ஒரு நாள் வைத்துப் பார்க்கலாம். கல்லூரி புராஜெக்டுக்கு இதைவிட நல்ல தலைப்பு சேலத்தில் கிடைக்குமா என்ன?

வேலை கிடைக்குமா என்பீர்கள். அமெரிக்காவில் மாசுபட்ட இடங்களில் பேசிவ் சாம்ப்ளரைப் பயன்படுத்த 2012லேயே அரசு வழிகாட்டி வந்துவிட்டது. நம் ஊரில் வழக்கமான சோதனை இன்னும் பாட்டில் தண்ணீர்தான், ஆனால் 2025 ஜூலையில் மாசடைந்த தளங்களுக்கென்றே தனி விதிகளை மத்திய அரசு கொண்டுவந்திருக்கிறது, சந்தேகப்படும் இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட வேண்டும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும். சோதிக்க ஆள் வேண்டாமா? ஆனால் தனியார் ஆய்வகத்தில் ஆரம்பச் சம்பளம் சொற்பம்தான், அதை மறைக்க மாட்டேன். அதனால் பிஎஸ்சி வேதியியலோடு நிற்கக் கூடாது. ஜாம் தேர்வு எழுதி ஐஐடியில் எம்எஸ்சி, அப்புறம் நெட் தேர்வில் உதவித்தொகை வாங்கி நாக்பூரில் இருக்கும் தேசிய சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனமான நீரி மாதிரி இடங்களில் ஆராய்ச்சி. கேட் நுழைவுத் தேர்வில்கூட சுற்றுச்சூழலுக்குத் தனித் தாள் இருக்கிறது. துணைப் பாடமாகக் கணிதத்தை விடவே கூடாது. பிஎட், வங்கித் தேர்வு பற்றியெல்லாம் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நான் சொல்ல வேண்டியதில்லை.

செலவு? சேலம் அரசு கலைக் கல்லூரியில் மூன்று வருடக் கட்டணம் நிகர்நிலைக் கல்லூரியின் ஒரு மாத விடுதிப் பணத்துக்குக்கூட வராது. அரசு உதவி பெறும் பள்ளியில் ஆறாவதிலிருந்து தமிழ் வழியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும்.

அண்ணனிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். நிலம் என் பெயரில் இருக்கிறது, விற்பதாக இல்லை என்று சொல்லுங்கள், போதும். காரணம் சொல்ல ஆரம்பித்தால் பேச்சு வளரும். அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் ஆன்லைனில்தான், சாதிச் சான்றிதழையும் மாற்றுச் சான்றிதழையும் இந்த வாரமே ஸ்கேன் செய்து வையுங்கள், விருப்பப் பட்டியலை பாப்பாவே நிரப்பட்டும்.