கையிலே காசு, வாயிலே தோசை: கிளப் உரிமையாளருக்குச் செலவு வரம்பு நியாயமா?

கேள்வி: இங்கிலாந்தின் வடபகுதியில் குடும்பத்தோடு வசிக்கிறேன். இங்குள்ள சாம்பியன்ஷிப் கால்பந்து கிளப்புக்கு, அதாவது இரண்டாம் பிரிவு அணிக்கு, நானும் என் மகளும் ஒன்பது ஆண்டுகளாக சீசன் டிக்கெட் எடுத்து வருகிறோம். எங்கள் கிளப்பின் உரிமையாளர் பெரும் பணக்காரர். "கொட்டிக் கொடுக்க நான் தயார், விதிதான் கையைக் கட்டிப் போடுகிறது" என்று ஒவ்வொரு பேட்டியிலும் சொல்கிறார். உரிமையாளர்களுக்கான செலவு வரம்பை நீக்கச் சொல்லலாமா என்று ரசிகர் சங்கம் அடுத்த மாதம் உறுப்பினர்களிடம் வாக்கு கேட்கிறது. அவருடைய பணத்தை அவர் செலவழிக்கிறார், இதில் மற்றவர்களுக்கு என்ன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எப்படி வாக்களிப்பது?

பதில்: நீக்க வேண்டாம் என்று வாக்களியுங்கள். வாக்கோடு நின்றுவிடாமல், விதியை எப்படித் திருத்தலாம் என்று ஒரு கோரிக்கையையும் சங்கத்தின் முன் வையுங்கள். நான் கணக்குத் தணிக்கைத் தொழிலில் இருப்பவன். கால்பந்து கிளப்களின் ஆண்டறிக்கைகளைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில்தான் இதைச் சொல்கிறேன்.

முதலில், விதி எதைத் தடுக்கிறது என்று பார்த்துவிடுவோம். சாம்பியன்ஷிப்பில் பல ஆண்டுகளாக இருந்து வரும் விதிப்படி ஒரு கிளப் மூன்று ஆண்டுகளில் 3.9 கோடி பவுண்ட் வரை நஷ்டம் காட்டலாம். அதில் 1.5 கோடிக்கு மேற்பட்ட பகுதியை உரிமையாளர் கடனாகத் தரக் கூடாது, பங்கு முதலீடாகவே போட வேண்டும். முதல் பிரிவான பிரீமியர் லீக்கில் 2025-26 சீசன் வரை இதே வரம்பு 10.5 கோடி. மைதானம் கட்டுவது, இளையோர் பயிற்சிக்கூடம், பெண்கள் அணி, ஊர்ச் சமூகப் பணிகள் ஆகியவற்றுக்கான செலவு இந்தக் கணக்கில் சேராது. ஆகவே உங்கள் உரிமையாளர் நாளைக்கே ஒரு புது கேலரி கட்டலாம், பயிற்சிக்கூடத்தைப் பெரிதாக்கலாம், எந்த விதியும் குறுக்கே வராது. அவர் கையைக் கட்டுவது ஆட்டக்காரர்களின் சம்பளத்திலும் அவர்களை வாங்கும் விலையிலும்தான். "விதிதான் தடுக்கிறது" என்று அவர் அடுத்த முறை சொல்லும்போது, தடை இல்லாத இடங்களில் எவ்வளவு போட்டிருக்கிறார் என்று கேளுங்கள்.

இனி, 'அவர் பணம், அவர் செலவு' என்ற வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓர் ஆட்டக்காரரோடு நான்காண்டு ஒப்பந்தம் போடும்போது கையெழுத்து யாருடையது? கிளப்புடையது. உரிமையாளர் இரண்டாம் ஆண்டில் மனம் மாறிப் போய்விட்டால், மீதி இரண்டு ஆண்டுச் சம்பளம் கிளப்பின் தலையில்தான் விழும். அவர் செலவழிப்பதாக நாம் நினைக்கும் பணத்தில் பெரும்பகுதி, கிளப்பின் பேரில் அவர் கொடுத்து வைக்கும் வாக்குறுதி.

இதற்கு உங்கள் பிரிவிலேயே நடந்த கதை டார்பி கவுண்டி. மெல் மோரிஸ் வெளியாள் இல்லை, அந்த ஊர்க்காரர், சிறுவயது முதல் டார்பி ரசிகர். கேண்டி கிரஷ் விளையாட்டை உருவாக்கிய நிறுவனத்தில் போட்ட முதலீட்டால் பெரும் செல்வர் ஆனவர். 2015-இல் கிளப்பை முழுதாக வாங்கினார். தன் பணம் 20 கோடி பவுண்டுக்கு மேல் போனதாக அவரே சொன்னார். அவருக்குக் கிளப் மேல் பாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2019-இல் பிரீமியர் லீக் வாசல் வரை போய், பிளே-ஆஃப் இறுதியாட்டத்தில் ஆஸ்டன் வில்லாவிடம் தோற்றார்கள். அதற்கு முன்பே, நஷ்ட வரம்பைத் தாண்டாமல் கணக்குக் காட்டுவதற்காக, கிளப்பின் பிரைட் பார்க் மைதானம் மோரிஸின் இன்னொரு நிறுவனத்துக்கு ஏறத்தாழ 8 கோடி பவுண்டுக்கு விற்கப்பட்டிருந்தது. பிறகு கோவிட் வந்தது, டிக்கெட் வருமானம் நின்றது. இனி என்னால் முடியாது என்று மோரிஸ் நிறுத்திக்கொண்டார். 2021 செப்டம்பரில் கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போனது. அதற்கு 12 புள்ளிகள், கணக்கு எழுதிய முறைக்காக இன்னும் 9, மொத்தம் 21 புள்ளிகள் பறிபோயின. 2022 ஏப்ரலில் மூன்றாம் பிரிவுக்கு இறங்கினார்கள். அலுவலக ஊழியர்கள் பலர் வேலை இழந்தார்கள். கடைசியில் டேவிட் க்ளவ்ஸ் என்ற உள்ளூர்த் தொழிலதிபர் மைதானத்தையும் கிளப்பையும் சேர்த்து வாங்கிக் காப்பாற்றினார். அவர் வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

ஷெஃபீல்டு வெட்னஸ்டேயும் இதே வழியில்தான் போனது. அங்கும் மைதானம் உரிமையாளரின் நிறுவனத்துக்கே விற்கப்பட்டது. 2025-இல் மாதச் சம்பளம் பலமுறை தாமதமானது, அக்டோபரில் திவால் நிர்வாகம், 12 புள்ளிகள் போயின. பரி என்ற சிறு ஊரின் கிளப் 1885-இல் தொடங்கியது, இரண்டு முறை எஃப்.ஏ. கோப்பை வென்றது. 2019 ஆகஸ்டில் பணச் சிக்கலால் அதை லீக்கிலிருந்தே நீக்கிவிட்டார்கள். இந்த மூன்று இடங்களிலும் வரம்பு இருக்கத்தான் செய்தது, அப்படியும் இது நடந்தது. வரம்பு போதவில்லை என்பது உண்மைதான். அதற்காக அதையும் எடுத்துவிட்டால் இன்னும் பல டார்பிகளைப் பார்க்க வேண்டி வரும்.

நல்ல உரிமையாளர் இல்லவே இல்லையா? இருந்தார்கள். பிளாக்பர்ன் ரோவர்ஸை ஜாக் வாக்கர் 1991-இல் வாங்கினார். இரும்பு வியாபாரத்தில் சம்பாதித்த உள்ளூர்க்காரர். பணத்தைக் கொட்டி 1995-இல் பிரீமியர் லீக் பட்டத்தையே வாங்கிக் கொடுத்தார். 2000-இல் இறந்தபோதும் கிளப் நடுத்தெருவுக்கு வரவில்லை, அவர் ஏற்படுத்திய அறக்கட்டளை அதைப் பார்த்துக்கொண்டது. அதே கிளப்பை 2010-இல் நம் புனேயின் கோழிப் பண்ணை நிறுவனமான வென்கீஸ் வாங்கியது. 2012-இல் அணி கீழே இறங்கியது, இன்றுவரை பிரீமியர் லீக்குக்குத் திரும்பவில்லை. வென்கீஸ் பணம் போடாமல் இல்லை, ஆண்டுதோறும் நஷ்டத்தை அவர்கள்தான் அடைத்து வந்தார்கள். ஆனால் இந்தியாவில் அமலாக்கத் துறை விசாரணை ஒன்று வந்ததும், லங்காஷயரில் உள்ள பிளாக்பர்னுக்குப் பணம் அனுப்ப தில்லி உயர் நீதிமன்றத்தில் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதாயிற்று. உரிமையாளர் நல்லவரா கெட்டவரா என்பதைவிட, குழாய் எங்கே இருக்கிறது, அதை யார் மூட முடியும் என்பதுதான் கிளப்புக்கு முக்கியம்.

சரி, இவ்வளவும் வரம்புக்கு ஆதரவாகச் சொன்னேன். மறுபக்கத்தில் உங்கள் கோபத்துக்கும் நல்ல காரணம் இருக்கிறது. கிளப் பிழைத்திருக்க இந்த விதி உதவுகிறது, ஆனால் கிளப்புகளுக்கு இடையே சமநீதி தரவில்லை. ஐ.பி.எல். ஏலத்தில் எல்லா அணிக்கும் ஒரே தொகை; 2025 ஏலத்தில் ஆளுக்கு 120 கோடி ரூபாய். சென்னைக்கும் அதுதான், பஞ்சாபுக்கும் அதுதான். கால்பந்து வரம்பு அப்படி இல்லை, வருமானத்தைப் பொறுத்தது. 2023-24-இல் மான்செஸ்டர் சிட்டியின் வருமானம் 71.5 கோடி பவுண்ட், பிரைட்டனுடையது 22.2 கோடி. பிரீமியர் லீக் கிளப்புகள் 2025 நவம்பரில் வாக்களித்து ஏற்ற புது விதிப்படி, 2026-27 சீசன் முதல் ஆட்டக்காரர் செலவு வருமானத்தில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதே வருமானத்தை வைத்துக் கணக்குப் போட்டால் சிட்டி சுமார் 60.8 கோடி செலவழிக்கலாம், பிரைட்டன் 18.9 கோடிதான். நேற்று பெரியவனாக இருந்தவன் நாளைக்கும் பெரியவன். எல்லோருக்கும் பொதுவான ஓர் உச்சத் தொகை வைக்கலாம் என்ற யோசனையும் அதே கூட்டத்தில் வாக்குக்கு வந்து தோற்றது. எனக்கு அது பெரிய வருத்தம்.

விதி தரும் தூண்டுதலும் விபரீதமானது. 4 கோடிக்கு வாங்கிய ஆட்டக்காரரின் விலையை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 80 லட்சமாகப் பிரித்து எழுதுவார்கள். சொந்தப் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்த பையனுக்கு வாங்கிய விலை என்று ஒன்று இல்லை. அவனை விற்றால் வரும் தொகை முழுவதும் அந்த ஆண்டின் லாபம். 2024 ஜூன் கடைசியில், கணக்கு முடிக்கும் நாளுக்கு முன், நியூகாசில் யுனைடெட் எலியட் ஆண்டர்சனை நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு விற்றது இதனால்தான். உலகின் மிகப் பெரிய அரசு முதலீட்டு நிதிகளில் ஒன்று அந்தக் கிளப்பின் உரிமையாளர். இருந்தும் சிறுவயது முதல் தன்னிடம் வளர்ந்தவனை விற்க வேண்டி வந்தது. உங்கள் மகள் வயதுப் பிள்ளைகள் யாருடைய பெயரைச் சட்டையில் போட்டுக்கொள்ள ஆசைப்படுகிறார்களோ, அவர்களையே விற்கச் சொல்கிறது கணக்கு. மறுபுறம் செல்சி தன் இரண்டு ஹோட்டல்களைத் தன் குழுமத்தின் இன்னொரு நிறுவனத்துக்கு 7.65 கோடிக்கு விற்று வரவு காட்டியது, பிரீமியர் லீக் அதை அனுமதித்தது. ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஈஎஃப்ஏ இந்த மாதிரி வரவை ஏற்பதில்லை. 2025-இல் செல்சிக்கு 3.1 கோடி யூரோ அபராதம் போட்டது.

தண்டனையின் வேகத்திலும் வேறுபாடு தெரிகிறது. எவர்ட்டனுக்கு 2023 நவம்பரில் 10 புள்ளிகள் பறிக்கப்பட்டன, மேல்முறையீட்டில் அது 6 ஆனது, அதே சீசனிலேயே இன்னொரு 2 போனது. மான்செஸ்டர் சிட்டி மீது நூற்றுக்கு மேற்பட்ட குற்றச்சாட்டுகள் 2023 பிப்ரவரியில் வைக்கப்பட்டன. விசாரணை தொடங்கியது 2024 செப்டம்பரில்.

உங்கள் பிரிவில் இன்னொரு கோணலும் உண்டு. பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கி வரும் அணிகளுக்கு மூன்று ஆண்டு வரை பாராசூட் தொகை வருகிறது. முதல் ஆண்டில் அது பிரீமியர் லீக்கின் சமபங்கு ஒளிபரப்புப் பணத்தில் 55 சதவீதம், அடுத்து 45, பிறகு 20. அந்தப் பணத்தோடு வருபவனோடு போட்டி போடத்தான் உங்கள் உரிமையாளர் கூடுதலாகச் செலவழிக்க நினைக்கிறார். அவர் ஆத்திரம் புரிகிறது. ஆனால் வரம்பை நீக்கினால் அவர் மட்டும் செலவழிக்க மாட்டார், இருபத்து நான்கு பேரும் செலவழிப்பார்கள். மேலே போவது என்னவோ மூன்று அணிதான்.

ஆக, நான் ஆதரிக்கும் திருத்தம் ஒன்று உண்டு. நம் ஊரில் சொல்வோமே, கையிலே காசு, வாயிலே தோசை என்று. உரிமையாளர் வரம்புக்கு மேல் ஓர் ஆட்டக்காரரை எடுக்க விரும்பினால் எடுக்கட்டும். அந்த ஒப்பந்தக் காலம் முழுவதற்குமான சம்பளத்தையும் விலையையும் முன்கூட்டியே லீக்கிடம் பொறுப்புத் தொகையாகக் கட்டிவிடட்டும், கடனாக இல்லாமல் பங்கு முதலீடாக. அவர் பாதியில் போனாலும் கிளப் பாதிக்காது. சம்பளச் சந்தை சூடேறும் என்ற குறை இதிலும் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் தாராள மனசு உள்ளவரையும் வாய்ச்சவடால் விடுபவரையும் இது முதல் நாளிலேயே பிரித்துக் காட்டிவிடும். உங்கள் உரிமையாளரிடம் கேட்டுப் பாருங்கள்: இந்த நிபந்தனைக்கு அவர் சம்மதிப்பாரா?

கூட்டத்துக்குப் போகுமுன் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி கிளப்பின் கணக்கைப் படியுங்கள். பிரிட்டனில் கம்பெனிஸ் ஹவுஸ் தளத்தில் எந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையையும் இலவசமாகப் பார்க்கலாம். முதலில் சம்பளத்தை மொத்த வருமானத்தால் வகுத்துப் பாருங்கள். நூறு சதவீதத்தைத் தாண்டினால், டிக்கெட், ஒளிபரப்பு, விளம்பரம் என்று வருவதெல்லாம் சம்பளத்துக்கே போதவில்லை என்று பொருள். ரெடிங் கிளப் சரிவதற்கு முன்பு இது இரு மடங்கைத் தாண்டியிருந்தது. பிறகு உரிமையாளர் போட்ட பணம் எந்தத் தலைப்பில் நிற்கிறது என்று தேடுங்கள். பங்கு மூலதனம் என்றால் கொடுத்துவிட்டார். குழும நிறுவனத்துக்குத் தர வேண்டிய கடன் என்றால், என்றைக்கு வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கலாம். "தொடர்ந்து இயங்கும் திறன்" பற்றிய குறிப்பை வரி விடாமல் படியுங்கள். உரிமையாளர் எத்தனை மாதத்துக்கு ஆதரவு உறுதி தந்திருக்கிறார் என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கடைசியாக, மைதானம் யார் பெயரில் இருக்கிறது? கிளப்பின் பெயரில் இல்லையென்றால் கூட்டத்தில் முதல் கேள்வியே அதுவாக இருக்கட்டும்.

மைதானத்தை உள்ளூர் மன்றத்தில் 'சமூக மதிப்புள்ள சொத்து' என்று பதிவு செய்ய ரசிகர் சங்கத்துக்கு 2011-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. பதிவு செய்த சொத்தை விற்க முனைந்தால், சங்கம் ஆறு மாத அவகாசம் கேட்டுத் தானும் விலை பேசலாம். 2025 கால்பந்து நிர்வாகச் சட்டம் அமைத்துள்ள சுயாதீனக் கட்டுப்பாட்டு ஆணையத்துக்கும் மைதான விற்பனையைத் தடுக்கும் அதிகாரம் உண்டு. இந்தப் பதிவு ஏற்கெனவே நடந்திருக்கிறதா என்று சங்கச் செயலாளரிடம் கேளுங்கள். இல்லையென்றால் வாக்கெடுப்பு வரை காத்திருக்க வேண்டாம்.

பெரும்பாலான கிளப்புகள் ஜூன் 30-இல் ஆண்டுக் கணக்கை முடிக்கின்றன. அவை பிரைவேட் லிமிடெட் நிறுவனமாக இருந்தால் அந்தக் கணக்கை மார்ச் 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். உங்கள் கிளப்பின் கணக்கு அந்தத் தேதிக்குள் வரவில்லையென்றால், ஏன் வரவில்லை என்பதையும் கூட்டத்தில் கேட்டுவிடுங்கள்.