எலிக்குப் பதற்றம் உண்டா? – கேள்வி பதில்

எலிகளின் பதற்ற நடத்தையை அளப்பது என் தொழில். அதைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். குரங்கு, நாய், மனிதர் ஆய்வுகளில் தெரிந்ததையும் சொல்கிறேன். நான் மருத்துவர் இல்லை, கால்நடை மருத்துவரும் இல்லை. எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று கேட்டால் பதில் வராது.

எம்.எஸ்சி. மாணவி: மேடம், எலிவேட்டட் பிளஸ் மேஸ் செய்கிறேன். டயஸிபாம் கொடுத்த எலியும் கொடுக்காத எலியும் ஒரே மாதிரிதான் நடக்குது. என்ன தப்பு?

மற்றவர்களுக்காக முதலில்: இது கூட்டல் குறி வடிவ மேடை, தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரம். நான்கு கைகளில் இரண்டுக்குச் சுவர் உண்டு, இரண்டுக்கு இல்லை. எலியை நடுவில் விட்டு ஐந்து நிமிடம் பார்ப்போம். சுவரை உரசிக்கொண்டே போவது எலியின் பிறவிக் குணம், அதனால் பெரும்பாலான நேரம் சுவருள்ள பக்கமே இருக்கும். டயஸிபாம் போன்ற பதற்றம் தணிக்கும் மருந்து கொடுத்தால் திறந்த கைகளுக்கும் துணிந்து போகும். 1985இல் பெல்லோ, சாண்ட்ரா ஃபைல் முதலானோர் எலிகளில் இதை முறையாகச் சோதித்து நிறுவினார்கள். அதன்பின் உலகம் முழுக்க இதே மேடைதான்.

இப்போது உங்கள் எலிக்கு வருவோம். ஒரே எலியை இரண்டாம் முறை ஏற்றினீர்களா? அப்படியென்றால் விடை அங்கேயே இருக்கிறது. ஒருமுறை மேடையைப் பார்த்துவிட்ட எலியிடம் டயஸிபாம் வகை மருந்துகள் அநேகமாகப் பலிக்காது. முதல் தடவை மருந்தில்லாமல் ஏற்றியிருந்தாலும் அப்படித்தான். அடுத்து, கையாளும் விதம். சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்கினால் பதற்றம் கூடுகிறது, குழாய்க்குள் நுழைய விட்டுத் தூக்கினால் குறைகிறது என்று ஹர்ஸ்ட்டும் வெஸ்ட்டும் 2010இல் காட்டினார்கள். யார் கையாள்கிறார்கள் என்பதும் முக்கியம். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகக் குழு 2014இல் வெளியிட்டதைப் படியுங்கள்: ஆண் ஆய்வாளர் பக்கத்தில் இருந்தாலே, ஏன், ஓர் ஆண் போட்டுக் கழற்றிய டி-ஷர்ட் இருந்தாலே எலிகளுக்கு மன அழுத்தம் ஏறியது. திங்கட்கிழமை நீங்களும் செவ்வாய்க்கிழமை உங்கள் சீனியர் அண்ணனும் மாறி மாறிச் செய்தால் எண்கள் குழம்பத்தான் செய்யும்.

ஒரு எச்சரிக்கை, இதை இன்னும் பலமுறை சொல்வேன்: மேடை அளப்பது நடத்தையை. எலியின் மனசை அல்ல. வெறுமனே சுறுசுறுப்பைக் கூட்டும் மருந்துகூட எலியைத் திறந்த கைக்கு அனுப்பிவிடும். சுவருள்ள கைகளுக்குள் எத்தனை முறை நுழைந்தது என்பதையும் சேர்த்து எண்ணுங்கள், வெறும் சுறுசுறுப்பா என்பது அதில் தெரியும்.

ராஜபாளையம் வீட்டம்மா: தீபாவளி வெடிச் சத்தத்துக்கு எங்க நாய் கட்டிலுக்கு அடியில போய் நடுங்குது. தடவிக் கொடுத்தா பயத்தைப் பழக்கிவிடுறேன்னு வீட்டுக்காரர் திட்டுறார். நிஜமா?

வீட்டுக்காரரிடம் தைரியமாகச் சொல்லுங்கள், தடவலாம். பரிசு கொடுத்தால் ஒரு செயல் கூடும், உண்மைதான். ஆனால் பயம் நாய் வேண்டுமென்று செய்யும் செயல் இல்லை. சத்தம் கேட்டவுடனே அதற்கு மிகப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுங்கள். பல நாய்களுக்கு இது உதவுகிறது. ஒளிய நினைத்தால் ஒளிய விடுங்கள், இழுத்து வெளியே போடாதீர்கள். உங்கள் நாய் தனி ரகமும் இல்லை: ஃபின்லாந்தில் சுமார் 13,700 நாய்களை வைத்து 2020இல் வந்த ஆய்வில், பதற்றம் சார்ந்த சிக்கல்களில் முதலிடம் சத்தத்துக்குத்தான், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு நாய்க்கு. மருந்து தேவையென்றால் பண்டிகைக்குச் சில வாரங்கள் முன்பே கால்நடை மருத்துவரைப் பாருங்கள். அசைய விடாமல் படுக்க வைப்பது வேறு, பயத்தைக் குறைப்பது வேறு. அசிப்ரோமசின் என்ற அடக்கும் மருந்தை மட்டும் கொடுத்தால் நாய் அடங்கிப் படுக்கும், பயம் அப்படியே இருக்கலாம். வெளியிலிருந்து பார்க்கிற நமக்குத்தான் நிம்மதி.

பூனைப்பாட்டி: என் கடுவன் பூனை ரெண்டு நாளா மூத்திரம் போக முக்குது. டென்ஷனா?

இதைப் படித்து முடிப்பதற்குள் மருத்துவரிடம் கிளம்புங்கள். அடைப்பாக இருந்தால் உயிருக்கே ஆபத்து.

பல்லி பாக்கியம்: எனக்குப் பல்லின்னா உயிரே போயிடும். மூணு வயசுப் பொண்ணு நான் கத்துறதப் பார்க்குது. அவளுக்கும் ஒட்டிக்குமா?

ஒட்டிக்கொள்ளலாம். இதற்கு உளவியலாளர் சூசன் மினேக்காவின் குரங்கு ஆய்வுகளைவிட நல்ல விடை எனக்குத் தெரியாது. ஆய்வகத்திலேயே பிறந்த ரீசஸ் குரங்குகள் பாம்பைக் கண்டு பெரிதாகப் பயப்படவில்லை. காட்டில் வளர்ந்த குரங்கு பாம்பைக் கண்டு அலறுவதைக் கொஞ்ச நேரம் பார்த்ததும் பயம் தொற்றிக்கொண்டது. பிறகு வீடியோவை வெட்டி ஒட்டி, குரங்கு பூவைப் பார்த்து அலறுவது போலக் காட்டினார்கள். பூவுக்குப் பயப்படக் குரங்குகள் கற்கவே இல்லை. எதைக் கண்டும் பயப்படக் கற்றுவிட முடியாது, சிலவற்றுக்கு மூளை ஏற்கெனவே பாதி தயார்.

உங்களுக்கு வேண்டிய பகுதி இதற்கு அடுத்தது. பாம்பிடம் அமைதியாக இருக்கும் குரங்கை முதலில் பார்த்த குரங்குகளில் பெரும்பாலானவை, பிறகு அலறும் குரங்கைப் பார்த்தபோதும் பயத்தைக் கற்கவில்லை. வீட்டில் பல்லிக்கு அஞ்சாத ஆள் யார்? அப்பாவோ, பாட்டியோ, பல்லியைப் பொண்ணுக்குச் சாவகாசமாக வேடிக்கை காட்டட்டும். நீங்கள் அந்த நேரம் அடுக்களையில் இருங்கள்.

நாய்நேசன்: பட்டாசு சத்தத்துக்கு நாய் பயப்படுது, என்ன செய்ய?

மேலே இருக்கிறது.

லிஃப்ட் வேண்டாம்: லிஃப்ட் பயத்துக்கு சைக்காலஜிஸ்ட்டிடம் போய், அவங்க கட்டடத்து லிஃப்ட்ல பழகி, சரியாச்சு. எங்க ஆபீஸ் லிஃப்ட்ல மறுபடி வந்துடுச்சு. எல்லாம் வேஸ்ட்டா?

வேஸ்ட் இல்லை, இதை எலியிடமும் அப்படியே பார்க்கிறோம். ஒரு பெட்டியில் மணியொலியும் சிறு மின்னதிர்ச்சியும் சேர்த்துக் கொடுத்தால் எலி மணியைக் கேட்டாலே உறைந்து நிற்கும். வேறொரு பெட்டியில் மணியை மட்டும் திரும்பத் திரும்ப ஒலித்தால் உறைவது நின்றுவிடும். பழைய பெட்டிக்குக் கொண்டுபோனால் மறுபடி உறையும். பழைய பாடம் அழிவதில்லை, அதன் மேல் புதிய பாடம் ஒன்று ஏறுகிறது, அதுவும் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்கிறது என்று உளவியலாளர் மார்க் பௌட்டன் பல ஆண்டுகளாகக் காட்டிவருகிறார். ஆகவே பழகுவதைப் பல லிஃப்ட்களில், பல நேரங்களில், தனியாகவும் துணையோடும் செய்ய வேண்டும். இதையே உங்கள் சைக்காலஜிஸ்ட்டிடம் சொல்லுங்கள், அவருக்குப் புரியும்.

தூங்காதவன்: நண்பன் அல்பிரஸோலம் தர்றான். எத்தனை போடலாம்?

பூஜ்யம். அதுவும் டயஸிபாம் வகைதான். சட்டம் கட்டுப்படுத்தும் ஷெட்யூல் எச்1 பட்டியல் மருந்து, மருத்துவர் சீட்டில்லாமல் விற்கவே கூடாது. பழகிப்போனபின் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரை போகலாம். தூக்கம் வராத அளவுக்குப் பதற்றம் என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416க்குக் கூப்பிடுங்கள், இலவசம், தமிழில் பேசலாம்.

வாதாடி: ஒரு அடிப்படைச் சந்தேகம். எலி ஓரமா ஒதுங்குறதை நீங்க ‘பதற்றம்’ங்கிறீங்க. எலி எதையாவது உணருதுன்னு எப்படித் தெரியும்?

இதற்காகத்தான் காத்திருந்தேன். துறையே இதில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. பயத்தில் அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் பங்கைப் பிரபலமாக்கிய நரம்பியல் ஆய்வாளர் ஜோசஃப் லெடூவே, மனநல மருத்துவர் டேனியல் பைனோடு சேர்ந்து 2016இல் ஒரு குண்டைப் போட்டார்: ஆபத்தைக் கண்டு உடலை உறைய வைக்கும் மூளைச் சுற்று வேறு, ‘எனக்குப் பயமாயிருக்கிறது’ என்ற உணர்வை உண்டாக்கும் சுற்று வேறு, எலியில் நாம் தொடுவது முதலாவதை மட்டுமே, எலியிடம் பலிக்கும் மருந்துகள் மனிதர்களிடம் ஏமாற்றுவதற்கு அது ஒரு காரணம் என்று. எலிகளின் பயத்தை ஆராயும் மைக்கேல் ஃபான்ஸ்லோ இதை ஏற்கவில்லை. நடத்தை, உணர்வு இரண்டும் ஒரே பயச் சுற்றிலிருந்து வருபவை என்பது அவர் கட்சி.

எஸ்.எம். என்ற பெயரெழுத்தால் அறியப்படும் அமெரிக்கப் பெண்ணுக்கு அரிய நோயால் அமிக்டலா இருபுறமும் அழிந்துவிட்டது. பாம்பு, சிலந்தி எதற்கும் அஞ்சமாட்டார். 2013இல் அவரை 35% கார்பன் டை ஆக்ஸைடு கலந்த காற்றை ஒருமுறை மூச்சிழுக்கச் செய்தார்கள். அவருக்குப் பீதி வந்துவிட்டது! அமிக்டலாதான் பயத்தின் வீடு என்று இன்னமும் எழுதுபவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

வாதாடி: அது மனுஷி, வாய் திறந்து சொன்னாங்க. எலி சொல்லாதே?

சொல்லாது. சுற்றுவழியில்தான் கேட்க வேண்டும். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 2004இல் இப்படிக் கேட்டார்கள். ஒரு ஒலி கேட்டால் நெம்புகோலை அழுத்து, தீனி வரும். இன்னொரு ஒலிக்கு அழுத்தாதே, இரைச்சல் வரும். எலி கற்றபின், இரண்டுக்கும் நடுவான ஒலியை ஒலித்தார்கள். எப்போது என்ன நடக்கும் என்றே தெரியாத கூண்டில் வாழ்ந்த எலிகள் அழுத்தத் தயங்கின. நல்லது வரும் என்ற நம்பிக்கை அவற்றிடம் குறைவு. ஓரமாக ஒதுங்குவதைவிட இது எனக்கு உணர்வுக்குப் பக்கத்தில் தெரிகிறது. என் சாய்வு ஃபான்ஸ்லோ பக்கம்.

கடல்புறா: நண்டு, இறாலுக்கும் பதற்றம் உண்டுன்னு படிச்சேனே?

கிரேஃபிஷ் என்ற நன்னீர் ஓட்டுயிர். பிரான்சின் போர்தோவில் 2014இல் செய்தது. மின்னதிர்ச்சி பட்ட கிரேஃபிஷ் வெளிச்சமான பாதைகளைத் தவிர்த்து இருட்டிலேயே கிடந்தது. பதற்றத்துக்கு மனிதர்கள் சாப்பிடும் டயஸிபாம் வகை மருந்தான குளோர்டயஸிபாக்ஸைடு கொடுத்ததும் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது.

வாதாடி: அப்போ மருந்து வேலை செஞ்சா உணர்வு இருக்குன்னு அர்த்தமா?

இல்லவே இல்லை. அந்த மருந்து போய் உட்காரும் நரம்புச் செல் புரதத்தின் (ஏற்பி) சொந்தக்காரர்கள் கிரேஃபிஷிலும் உண்டு என்பதுவரைதான் அர்த்தம். மறுபடி சொல்கிறேன், நடத்தையைத்தான் அளந்தார்கள்.

அகிம்சை: எலிக்கு உணர்வு இல்லைன்னா உங்க ஆய்வால மனுஷனுக்குப் பயன் இல்ல. இருக்குன்னா நீங்க செய்யுறது பாவம். எது?

இந்தக் கத்திக்கு இரண்டு பக்கமும் கூர்தான். உணர்வு இருக்கிறது என்று வைத்துக்கொண்டே நான் வேலை செய்கிறேன். நம் நாட்டில் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதியில்லாமல் ஓர் எலியைத் தொட முடியாது. எத்தனை எலி, ஏன் அத்தனை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அது போதும் என்று நான் சொல்லவில்லை. ஐந்து நிமிட மேடை எனக்குச் சம்மதம். நாள்கணக்கில் அதிர்ச்சி கொடுக்கும் ஆய்வுகளில் நான் சேர்வதில்லை.

பப்பி லவர்: பட்டாசுக்கு நாய்...

மேலே. மே-லே.

வாதாடி: கடைசிக் கேள்வி. எந்த ஆய்வு வந்தா லெடூ தோத்தார்னு ஒத்துக்குவீங்க?

காலில் வலியுள்ள கறிக்கோழிகள் வலிநிவாரணி கலந்த தீவனத்தை நல்ல கோழிகளைவிட அதிகமாகத் தேடித் தின்றன என்று 2000இல் பிரிஸ்டலில் காட்டினார்கள். நடை கோணுவதோடு முடியவில்லை, அதிலிருந்து விடுபடக் கோழியே வழி தேடியது. பதற்றத்திலும் அப்படி ஒன்று வேண்டும். பதறும்போது மட்டும் எலி மருந்தைத் தேட வேண்டும், அமைதியாக இருக்கும்போது சீண்டக்கூடாது, அந்த மருந்துக்குத் தானே இழுக்கும் போதை இருக்கக்கூடாது. டயஸிபாம் வகை இந்தக் கடைசி நிபந்தனையிலேயே அடிபட்டுவிடும். அப்படியொரு முடிவு, வேறு ஆய்வகமும் செய்து பார்த்து உறுதியானால், லெடூவுக்குச் சிரமம். அப்போதும் அவர் தோற்றேன் என்று ஒத்துக்கொள்வார் என நினைக்கவில்லை.