பழைய ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸின் 'நிறம்' எங்கிருந்து வருகிறது?

கேள்வி: என்னிடம் சோனியின் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமரா இருக்கிறது. புது லென்ஸில் எடுக்கும் படங்கள் பளிச்சென்று இருந்தாலும் மனதில் ஒட்டவில்லை. பழைய ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்களுக்குத் தனி நிறம் உண்டு என்று பலரும் சொல்கிறார்கள். 50 மி.மீ.யில் ஜூபிடர்-8, கேனன் எஃப்/1.8, லைட்ஸ் சும்மார் என்று மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வீட்டில் இருப்பவர்களையும் தெருவையும் எடுக்கத்தான். எதை வாங்கலாம்? அந்த நிறம் நிஜமாகவே கண்ணாடியில் இருக்கிறதா, அல்லது லைட்ரூமில் ஒரு பிரீசெட் போட்டாலே வந்துவிடுமா?

பதில்: கண்ணாடி சுத்தமாக இருக்கிற ஜூபிடர்-8 கிடைத்தால் அதை வாங்குங்கள். சுத்தமான கேனன் கிடைத்தால் அதுவும் நல்லதுதான், ஆனால் அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். சும்மாரைக் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

இனி இரண்டாவது கேள்வி. லென்ஸின் நிறம் என்று நாம் பேசுவதில் பெரும்பகுதி நிறமே இல்லை. கண்ணாடிக்குள் சிதறும் ஒளி படத்தின் மேல் போடும் மெல்லிய திரைதான் அது. கண்ணாடிக்கென்று ஒரு சாயமும் உண்டு என்பது உண்மை. ஆனால் அது சின்ன விஷயம், உங்கள் கேமரா அதைப் பெரும்பாலும் உங்களுக்குக் காட்டவே காட்டாது.

சாயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஈயம் கலந்த பழைய ஃப்ளின்ட் கண்ணாடி ஊதா, நீல ஒளியைக் கொஞ்சம் விழுங்கும். அதனால் படம் மஞ்சள் பக்கம் சாயும். கண்ணாடிகளை ஒட்டப் பயன்படுத்திய கனடா பால்சம் வயதாகி மஞ்சளித்தாலும் இதே கதைதான். சில லென்ஸ்களில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. 1950களின் தொடக்கத்தில் லைட்ஸ் செய்த, உள்ளே மடங்கும் சும்மிக்ரான் லென்ஸ்களில் சில அப்படிப்பட்டவை. கதிரியக்கத்தால் அந்தக் கண்ணாடி நாளாக ஆகத் தேநீர் நிறத்துக்கு வந்துவிடும், புற ஊதா விளக்கின் கீழே சில நாள் வைத்தால் பெருமளவு தெளியும். பிரதிபலிப்பைக் குறைக்கக் கண்ணாடி மேல் பூசும் மெல்லிய அடுக்கான கோட்டிங்கிலும் சாயம் உண்டு. லென்ஸை டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள். பிரதிபலிப்பு நீலமாகத் தெரிந்தால் அந்த நீலம் உள்ளே போகவில்லை என்று அர்த்தம், படம் கொஞ்சம் வெதுவெதுப்பாக வரும். அம்பர் நிறத்தில் மின்னினால் படம் குளிர்ச்சிப் பக்கம் போகும்.

ஸ்லைடு ஃபிலிம் காலத்தில் இது பெரிய தலைவலி. கோடாக்ரோமில் பதிந்தது பதிந்ததுதான், பிறகு மாற்ற வழியில்லை. ஒரே பையில் இருக்கும் இரண்டு லென்ஸ் இரண்டு நிறம் காட்டினால் பத்திரிகைப் பக்கத்தில் அப்பட்டமாகத் தெரியும். அதனால்தான் லென்ஸின் நிறச்சாய்வை அளக்க ஐ.எஸ்.ஓ. 6728 என்று ஒரு தரநிலையே போட்டார்கள். நீலம், பச்சை, சிவப்புக்கு 0/5/4 என்ற அளவை மையமாக வைத்து ஒரு லென்ஸ் எவ்வளவு விலகுகிறது என்று பார்ப்பது அதன் முறை. இன்று வெள்ளையை வெள்ளையாகக் காட்டக் கேமரா தானே செய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அந்த விலகலைக் கண் இமைக்கும் நேரத்தில் துடைத்துவிடுகிறது. நம்பிக்கை இல்லையென்றால் ஒயிட் பேலன்ஸை 5500 கெல்வினில் பூட்டிவிட்டு, நிழலில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, புது லென்ஸில் ஒன்றும் பழையதில் ஒன்றும் எடுத்துப் பாருங்கள். வித்தியாசம் தெரியும். பிறகு இரண்டு ரா ஃபைலிலும் லைட்ரூமின் ஒயிட் பேலன்ஸ் ஐட்ராப்பரை அதே தாளில் வையுங்கள், தாளைப் பொறுத்தவரை அந்த வித்தியாசம் போய்விடும்.

அதற்கப்புறமும் படத்தில் மிச்சம் நிற்பதுதான் நீங்கள் தேடும் சரக்கு.

கோட்டிங் இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன் மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். 1933இல் வந்த சும்மாரில் காற்றைத் தொடும் பரப்புகள் எட்டு, கோட்டிங் கிடையாது. கணக்குப் போட்டால் கால் பங்குக்கு மேல் ஒளி நேர்வழியில் போய்ச் சேரவில்லை. சேராத ஒளி எங்கே போகிறது? கொஞ்சம் வெளியே திரும்பிவிடும். மிச்சம் கண்ணாடிகளுக்கு நடுவே முட்டி மோதி, கடைசியில் ஃபிலிம் மீதோ சென்சார் மீதோ பரவலாக விழும். கறுப்பாக இருக்க வேண்டிய இடம் சாம்பலாகும், அடர்ந்த சிவப்பு வெளுத்த சிவப்பாகும். நாம் அதைப் 'பழைய நிறம்' என்கிறோம்.

இதை அன்றைக்கே தெரிந்து வேலை செய்தவர் ஸைஸ் நிறுவனத்தின் லுட்விக் பெர்ட்டெலே. 1932இல் கான்டாக்ஸ் கேமராவுக்காக அவர் வடிவமைத்த சோனாரில் ஆறு கண்ணாடிகளை மூன்று தொகுதிகளாக ஒட்டிவிட்டார். காற்றைத் தொடும் பரப்பு ஆறாகக் குறைந்தது. கோட்டிங் இல்லாத காலத்திலேயே சோனார் படங்கள் அழுத்தமாக வந்ததற்கு அந்த ஒட்டுவேலைதான் காரணம். அதே நிறுவனத்தில் அலெக்ஸாண்டர் ஸ்மாகுலா 1935இல் கோட்டிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். ஒற்றை அடுக்கு மக்னீசியம் ஃப்ளோரைடு பூசினாலே 4 சதவீதம் சுமார் ஒன்றரைக்கு இறங்கிவிடும். போருக்குப் பிறகு ஜெனாவிலிருந்து கருவிகளும் கண்ணாடியும் சோவியத் யூனியனுக்குப் போயின. அந்த சோனார்தான் அங்கே கோட்டிங்குடன் ஜூபிடர்-8 ஆனது. கேனன் எஃப்/1.8 வேறு வம்சம். 1951இல் வந்த இது அபெர்ச்சருக்கு முன்னும் பின்னும் கண்ணாடிகள் ஏறக்குறைய சமச்சீராக அமையும் டபுள் காஸ் வடிவம், எட்டுப் பரப்பு, கோட்டிங் உண்டு. ஆக நீங்கள் பார்த்து வைத்திருக்கும் மூன்றும் திரையின் மூன்று கனங்கள். சும்மாரில் அடர்த்தி, கேனனில் மெல்லியது, நல்ல ஜூபிடரில் பெரும்பாலும் இன்னும் மெல்லியது.

பெரும்பாலும் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. சோவியத் லென்ஸ்களில் உள்பக்க உலோகம் பல சமயம் சரியாகக் கறுப்படிக்காமல் பளபளவென்று இருக்கும். கண்ணாடியில் மிச்சப்படுத்தியதைக் குழாய் கெடுத்துவிடும். வாங்கியதும் முன்பக்கம் வழியே உள்ளே பாருங்கள். வெள்ளி வளையம் போல ஏதாவது மின்னினால் ரிப்பேர்காரரிடம் கொடுத்து மேட் கறுப்பு அடிக்கச் சொல்லலாம், படத்தில் வித்தியாசம் தெரியும்.

பிரீசெட் போட்டால் வருமா என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் இந்தத் திரையில்தான் இருக்கிறது. கண்ணாடியின் சாயம் ஒவ்வொரு நிறத்தையும் அதற்கென்று ஒரு விகிதத்தில், படம் முழுக்க ஒரே மாதிரி பெருக்குகிறது, ஒயிட் பேலன்ஸ் அதை வகுத்து எடுத்துவிடுகிறது. திரை அப்படியில்லை. அது படத்தின் மேல் ஒளியைக் கூட்டுகிறது. கூட்டலை வகுத்தலால் சரிசெய்ய முடியாது. தவிர, கூடும் ஒளியின் நிறம் லென்ஸுடையதே அல்ல, அந்த இடத்துடையது. திறந்த வானத்தின் கீழே எடுத்தால் நிழலில் நீலம் கசியும். மரங்கள் சூழ்ந்த முற்றத்தில் பச்சை கசியும். குண்டு பல்பு எரியும் அறையில் கறுப்புத் தலைமுடியே லேசாகச் செம்பழுப்பு காட்டும். ஒரே லென்ஸை ஒருவர் 'குளிர்ச்சி' என்றும் இன்னொருவர் 'வெதுவெதுப்பு' என்றும் சத்தியம் செய்வது இதனால்தான். இருவரும் பொய் சொல்லவில்லை.

டோன் கர்வில் நீலச் சானலை மட்டும் திறந்து, இடது கீழ் மூலைப் புள்ளியைச் சற்றுத் தூக்கினால் நிழலில் நீலம் ஏறும். பிரீசெட்டுகள் செய்வது ஏறக்குறைய இதைத்தான். ஒரு படத்துக்குப் பொருந்தும், அடுத்த படத்துக்குப் பொருந்தாது. ஜன்னலுக்குப் பக்கத்தில் திரை கனமாகவும் எதிர்மூலையில் மெலிதாகவும் இருப்பதை ஒரு கர்வால் போலி செய்வது கஷ்டம்.

திரைக்கு அடுத்தது குறைபாடுகளின் அழகு. ஜூபிடர்-8இல் எஃப்/2 வைத்து, அதாவது ஒளி நுழையும் துளையான அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, ஒரு பாட்டியை ஜன்னலோரம் உட்கார வைத்து எடுங்கள். கண்ணிமை கூர்மையாக இருக்கும், ஆனால் அந்தக் கூர்மையைச் சுற்றி மெல்லிய ஒளி படர்ந்திருக்கும். வெள்ளைப் புடவையின் ஓரம் பக்கத்து நிழலுக்குள் லேசாக ஒழுகும். லென்ஸின் ஓரத்தில் நுழையும் ஒளியும் நடுவில் நுழையும் ஒளியும் ஒரே இடத்தில் குவியாத குறைதான் கோள வழு, அது முழுசாகத் திருத்தப்படாததால் வருவது இது. மூக்குத்திக் கல்லோ எவர்சில்வர் டம்ளரோ ஃபோகஸுக்குச் சற்று முன்னே இருந்தால் ஓரத்தில் இளஞ்சிவப்பும், பின்னே இருந்தால் பச்சையும் எட்டிப் பார்க்கும். எஃப்/4க்குப் போனால் இதில் முக்கால்வாசி காணாமல் போய் லென்ஸ் சாதுவாகிவிடும். அதனால் தெருவுக்கு எஃப்/5.6, முகத்துக்கு எஃப்/2 அல்லது 2.8 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சோனார் வகையில் ஒரு குசும்பு உண்டு. எஃப்/2இல் கண்ணுக்கு ஃபோகஸ் செய்துவிட்டு அபெர்ச்சரைக் குறைத்தால் ஃபோகஸ் பின்னால் நகர்ந்து காதில் போய் உட்காரும். மிரர்லெஸ்ஸில் தீர்வு சுலபம்: அபெர்ச்சரை முதலில் வைத்துவிட்டு அப்புறம் கேமராவின் டிஸ்பிளேயில் படத்தைப் பெரிதாக்கி ஃபோகஸ் செய்யுங்கள். லைக்கா கேமராவில் சோவியத் லென்ஸ் போட்டால் கிட்டத்தில் ஃபோகஸ் பொருந்தாது என்ற பழைய புகார் உங்களைத் தொடாது, நீங்கள் பார்ப்பது சென்சாரில் விழும் படத்தையேதான்.

இப்போது வாங்கும் விஷயம். மூட்டம் பிடித்த லென்ஸை 'வின்டேஜ் நிறம்' என்று விற்பது இந்தச் சந்தையில் சகஜம். விளம்பரத்தில் 'லேசான ஹேஸ், படத்தைப் பாதிக்காது' என்று இருந்தால் பாதிக்கும் என்றே படியுங்கள். அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து முன்னாலிருந்து பாருங்கள். வேர் கிளைத்தது போல இருந்தால் ஃபங்கஸ். பால் படர்ந்தது போல ஒரே சீராக இருந்தால் ஹேஸ். கேனன் எஃப்/1.8இன் வில்லங்கம் இங்கேதான். அபெர்ச்சர் பிளேடுகளுக்குப் பக்கத்துக் கண்ணாடியில் எண்ணெய் ஆவி படிந்து ஹேஸ் பிடிக்கும். துடைத்தால் போகும் கட்டம் ஒன்று உண்டு, கண்ணாடியையே அரித்துவிட்ட கட்டம் ஒன்று உண்டு. விற்பவர் அனுப்பும் போட்டோவில் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். திருப்பிக் கொடுக்க வழி இருந்தால் மட்டும் அதை எடுங்கள். சும்மாரின் முன்கண்ணாடி மென்மையானது, எண்பது தொண்ணூறு வருடம் சட்டை நுனியால் துடைபட்டு வந்தது. மெல்லிய கீறல் இல்லாத ஒன்று கிடைப்பது அபூர்வம். அதன் புகழ்பெற்ற 'ஒளிர்வில்' பாதி அந்தக் கீறல்களின் கைங்கரியம் என்பது என் அபிப்பிராயம்.

மஞ்சளைச் சோதிக்க லென்ஸை வெள்ளைத் தாளில் வைத்து மேலிருந்து பாருங்கள், உடனே தெரிந்துவிடும். ஜூபிடரின் வரிசை எண்ணில் முதல் இரண்டு இலக்கம் பெரும்பாலும் தயாரித்த வருடம்.

அடாப்டருக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். ஜூபிடரில் கான்டாக்ஸ்/கீவ் மவுண்ட்டும் உண்டு, எம்39 திருகு மவுண்ட்தானா என்று கேட்டு வாங்குங்கள். அந்தத் திருகில், அதை லைக்கா எம் மவுண்ட்டாக மாற்றும் ஒரு மி.மீ. கனமுள்ள எம் வளையத்தை மாட்டி, அதை ஹெலிகாய்டு (சுழற்றினால் நீளும் குழாய்) உள்ள எம்-சோனி அடாப்டரில் போடுங்கள். இந்த லென்ஸ்கள் பொதுவாக ஒரு மீட்டருக்குக் கிட்டே வராது. ஹெலிகாய்டு இருந்தால் சாப்பாட்டு மேசைக்கு எதிரே இருப்பவரின் முகம் வரை வரலாம். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் சோனியின் ஸ்டெடிஷாட்டில் 50 மி.மீ. என்று கையால் போட்டுவிடுங்கள்.

ஜூபிடர்-8க்கு 40.5 மி.மீ. ஹூட் (முன்னால் மாட்டும் ஒளி மறைப்பு) ஒன்றும் வாங்குங்கள், விலை அதிகமில்லை. திரை வேண்டும் என்றால் ஹூட்டைக் கழற்றலாம், வேண்டாம் என்றால் மாட்டலாம். ஒரே லென்ஸில் இரண்டு குணம். சென்னை மாதிரிக் கடலோர ஊர் என்றால் தோல் பெட்டியில் போட்டு அலமாரியில் பூட்டாதீர்கள். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும் காற்றுப்புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும்.

கொஞ்ச நாளில் 35 மி.மீ. மேல் ஆசை வரும், ஜூபிடர்-12 கண்ணில் படும். அதன் பின்கண்ணாடி கேமராவுக்குள் ஆழமாக நீட்டிக்கொண்டு நிற்கும். ஒளி சென்சாரின் ஓரங்களில் மிகச் சாய்வாக விழுவதால் மூலைகள் குழைந்து, ஓரம் இளஞ்சிவப்பாக வரலாம். ஃபிலிமில் இல்லாத இந்த நிறத்தைச் சேர்ப்பது உங்கள் சென்சாரின் முன்னால் இருக்கும் தடித்த கண்ணாடியும் அந்தச் சாய்வும்தான். பின்பக்க ஒளியேற்பு வகை சென்சார் உள்ள புது உடல்களில் இளஞ்சிவப்பு குறையும், மூலைக் குழைவு குறையாது. அதை மாட்டும் முன் பின்கண்ணாடி ஷட்டர் பக்கம் எதிலும் உரசுகிறதா என்று பார்த்து மெதுவாகத் திருகுங்கள்.