கேள்வி–பதில்: இலைவெட்டி எறும்பும் தைலமரமும்

கேள்வி: பிரேசிலில் தைலமரத் தோட்டங்களை இலைவெட்டி எறும்புகள் மொட்டையடிக்கின்றனவாமே? மற்ற பூச்சிகளுக்குப் போல மரத்தில் மருந்து அடித்தால் தீராதா?

பதில்: தீராது. வெட்டிய இலை அந்த எறும்புக்கு எரு மாதிரி. மண்ணுக்கடியில் அறை அறையாகப் பூஞ்சை வளர்க்கிறது. இலையை மென்று கூழாக்கி அதற்குப் போடுகிறது. முட்டையிலிருந்து வரும் தன் புழுக்களுக்கு ஊட்டுவது அந்தப் பூஞ்சையைத்தான். 1874-லேயே தாமஸ் பெல்ட் என்ற ஆங்கிலேயர் நிகராகுவாவில் பார்த்து எழுதிய விஷயம் இது.

மரத்தில் மருந்து அடித்தால் வரிசையில் போகிற வேலைக்கார எறும்புகள் சாகும், அவ்வளவுதான். ஆட்டா என்கிற இலைவெட்டி எறும்பு வகையின் பெரிய புற்றில் பல லட்சம் எறும்புகள் உண்டு. ராணி பத்து வருஷத்துக்கு மேலும் உயிரோடிருந்து முட்டையிடும். செத்ததை ஈடுகட்ட அதற்கு நேரமாகாது.

அதனால் விஷத்தை எறும்பே தூக்கிக்கொண்டு உள்ளே போகும்படி செய்கிறார்கள். ஆரஞ்சுச் சக்கையில் சல்ஃப்ளூராமிட் கலந்து, குருணையாக்கிப் புற்றருகே போடுவது வழக்கம். மருந்து மெதுவாக வேலை செய்ய வேண்டும். தூக்கிய எறும்பு வழியிலேயே செத்தால் விஷம் புற்றுக்குள் பரவாது. மழையில் குருணை வீணாகும். காய்ந்த நாளில்தான் போட வேண்டும்.

எனக்கு உறுத்துவது இனிமேல்தான். சல்ஃப்ளூராமிட் சிதைந்து பி.எஃப்.ஓ.எஸ். ஆகிறது, மண்ணிலும் நீரிலும் எளிதில் அழியாத நச்சு அது. 2009-இல் இப்படி எளிதில் அழியாத நச்சுகளுக்கான சர்வதேச ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அதைக் கட்டுப்படுத்தியபோதும் இலைவெட்டி எறும்புக்கான குருணைக்கு விலக்கு தந்தது. விலக்கு இருக்கிறதென்று தோட்டம் முழுக்க இறைப்பது அநியாயம். பெரும் சேதம் நட்ட முதல் வருஷக் கன்றுகளுக்கு; அடுத்தடுத்து மொட்டையானால் பட்டுப்போகும். நடுவதற்கு முன்பே நிலத்தை நடந்து பார்த்து, புற்று இருக்கும் இடத்தில் மட்டும் அளந்து போட்டால் போதும் என்பது என் கருத்து. ஆள்கூலி ஆகும்தான், ஆகட்டும். அந்த எறும்பு அந்த மண்ணுக்குரியது. தைலமரம் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுபோனது.

கேள்வி: ரோஜா இலைகளில் வட்டவட்டமாக நறுக்கியிருக்கிறது. இதே எறும்பா?

பதில்: இலைவெட்டி எறும்பு அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. நீங்கள் வேறெங்காவது இருந்தால், விளிம்பில் சீரான வட்டமாக நறுக்குவது பெரும்பாலும் இலைவெட்டித் தேனீ. கூட்டின் அறைகளுக்கு உள்விரிப்பாக எடுத்துப்போகும். மகரந்தம் சேர்க்கிற ஜீவன். தயவுசெய்து மருந்து அடிக்காதீர்கள்.