ரஷ்யாவுக்குக் கிடைத்த ஐ.நா. நாற்காலி செர்பியாவுக்கு ஏன் கிடைக்கவில்லை?

கேள்வி இது: சோவியத் யூனியன் உடைந்ததும் அதன் ஐ.நா. இடம் அப்படியே ரஷ்யாவுக்குப் போனது. யூகோஸ்லாவியா உடைந்தபோது மட்டும் செர்பியா ஏன் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது?

இதைப் படித்ததும் எனக்கு எங்கள் வீட்டு போர்செட்தான் (வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் ஆழ்குழாய் மோட்டார்) ஞாபகம் வந்தது.

நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர். தாத்தா விட்டுப்போனது ஒரு வேலி நிலம், அதாவது இருபது மா. அத்தைகள் இருவரும் பங்கு வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் (அது வேறு கதை). அப்பாவோடு சேர்த்து நான்கு பேர், ஆளுக்கு ஐந்து மா. கயிறு பிடித்து அளந்து வரப்பு போட அரை நாள் போதுமாக இருந்தது. சண்டை வந்ததெல்லாம் போர்செட்டில்தான். தாத்தா பேரில் இருந்த இலவச மின்சார சர்வீஸ் ஒன்றே ஒன்று. அதை நான்காக வெட்ட முடியாது. யார் பேருக்கு மாறுகிறதோ அவருக்கு அன்றைக்கே தண்ணீர். மற்றவர்கள் புதிதாக எழுதிப்போட்டு வரிசையில் நிற்க வேண்டும். கடைசியில் பெரியப்பா பேருக்கு மாறியது. மூத்தவர் என்பதற்காக இல்லை. மற்ற மூவரும் ‘ஆட்சேபணை இல்லை’ என்று பத்திரத்தில் எழுதிக் கொடுத்ததால்தான் மாறியது.

பாதுகாப்பு அவையின் நிரந்தர இடமும் அப்படி ஒரு சர்வீஸ்தான்.

1991 டிசம்பர் 21 அன்று கசகஸ்தானின் அல்மா அட்டாவில், ரஷ்யாவையும் சேர்த்து 11 சோவியத் குடியரசுகள் கூடின. சோவியத்தின் ஐ.நா. உறுப்பினர் பொறுப்பை, நிரந்தர இடம் உட்பட, ரஷ்யா தொடர்வதை ஆதரிக்கிறோம் என்று மற்றவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். 24-ஆம் தேதி ரஷ்ய அதிபர் யெல்ட்சின் ஐ.நா.வுக்குக் கடிதம் அனுப்பினார். ஓட்டெடுப்பு எதுவும் நடக்கவில்லை. பெயர்ப்பலகை மட்டும் மாறியது. உக்ரைனும் பெலாரசும் 1945 முதலே தனி உறுப்பினர்கள் என்பதால் அவர்களுக்குப் புதிதாக வாங்க வேண்டியதும் இல்லை.

யூகோஸ்லாவியாவில் அந்த ஆட்சேபணை இல்லாக் கடிதத்தைத் தர யாரும் தயாராக இல்லை. ஐரோப்பிய சமூகம் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) அமைத்த பதான்தேர் ஆணையம் என்ற சட்ட வல்லுநர் குழு, யூகோஸ்லாவியக் கூட்டாட்சி ‘கலைந்துகொண்டிருக்கிறது’ என்று 1991 நவம்பரிலேயே சொல்லிவிட்டது. அதாவது யாரும் பிரிந்து போகவில்லை, வீடே இல்லை, எல்லோரும் வாரிசுகள். செர்பியாவும் மாண்டினீக்ரோவும் மட்டும் சேர்ந்துகொண்டு, 1992 ஏப்ரலில், “நாங்கள்தான் பழைய யூகோஸ்லாவியா” என்றன. அதே ஆண்டு செப்டம்பரில் பாதுகாப்பு அவையும் பொதுச்சபையும் அதை ஏற்க மறுத்து, புதிதாக விண்ணப்பிக்கச் சொல்லின. தலைநகர் பெல்கிரேடில் இருந்த அரசு எட்டு வருடம் வீம்பு பிடித்தது. வேடிக்கை என்னவென்றால், அதுவரை பழைய பெயர்ப்பலகையும் பழைய கொடியும் ஐ.நா.வில் அப்படியே இருந்தன. பொதுச்சபையில் கலந்துகொள்ள மட்டும் முடியாது. அதிபர் மிலோஷெவிச் வீழ்ந்தபின் விண்ணப்பித்து, 2000 நவம்பர் 1 அன்று புது உறுப்பினராக நுழைந்தது.

அப்புறம் புத்தி வந்தது என்றே சொல்லலாம். செர்பியாவும் மாண்டினீக்ரோவும் சேர்ந்து 2003-இல் எழுதிய அரசியல் சாசனத்திலேயே, மாண்டினீக்ரோ பிரிந்தால் செர்பியாதான் தொடரும் என்று போட்டுவைத்தார்கள். 2006-இல் அது பிரிந்தபோது ஐ.நா.வில் சத்தமே இல்லை. செக்கோஸ்லோவாக்கியா உடைந்து வந்த செக்கும் ஸ்லோவாக்கியாவும் இன்னும் எளிது: பழைய பெயர் யாருக்கும் வேண்டாம் என்று 1993 ஜனவரியில் இரண்டுமே புது உறுப்பினர்களாகச் சேர்ந்தன.

எங்கள் கதையோடு இது ஒட்டாத இடமும் உண்டு. நாடுகளுக்கு மேலே தாசில்தார் கிடையாது. ஐ.நா. உறுப்பினர் ஆக்கும், அவ்வளவுதான். அங்கீகரிப்பது ஒவ்வொரு நாடும் தனக்குத்தானே எடுக்கும் முடிவு. செர்பியாவின் மாகாணமாக இருந்து 2008-இல் தனி நாடாக அறிவித்துக்கொண்ட கொசோவோவை அமெரிக்கா உடனே ஏற்றது, இந்தியா இதுவரை ஏற்கவில்லை.

சர்வீஸ் வாங்குகிறவர் கடனையும் வாங்க வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். பெரியப்பா தாத்தாவின் சொசைட்டிக் கடனைத் தலையில் ஏற்றிக்கொண்டார். ரஷ்யாவும் அப்படியே: வெளிநாட்டுச் சொத்தும் எனக்கு, கடனும் எனக்கு என்று மற்ற குடியரசுகளோடு பேசி முடித்தது, உக்ரைன் நாடாளுமன்றம் மட்டும் அந்த உடன்பாட்டுக்கு ஒப்புதல் தரவே இல்லை. நாம் சோவியத்துக்குத் தரவேண்டிய ரூபாய்க் கடனையும் 1993-இல் ரஷ்யாவோடுதான் பேசித் தீர்த்தோம். சோவியத் வெளிநாடுகளில் பட்ட கடனின் கடைசித் தொகையை ரஷ்யா கட்டி முடித்தது 2017-இல். வாங்கிக்கொண்டது யூகோஸ்லாவியாவின் இன்னொரு வாரிசான பொஸ்னியா, பழைய யூகோஸ்லாவியாவுக்கு வரவேண்டிய பாக்கியில் தன் பங்காக.